ஹாஃப்ஸ்ட்ராவின் காது

பழகிப்போன கை பொல்லாதது. அது எவ்வளவு பொல்லாதது என்பதை பெர்னடின் குல்சிக்கி சட்டசபையில், அத்தனை பேர் பார்க்கத் தெரிந்துகொண்டாள்.

மசோதா நிறைவேறத் தேவையான ஓட்டு அவள் கட்சியிடம் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஒருத்தர் பிசகினாலும் கவிழ்ந்துவிடும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டாமலே அது வாங்கித் தரும் பலனை எல்லாம் அனுபவிக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. இப்போதைய எதிர்க்கட்சி ஆட்சியில் இருந்தபோது கொண்டுவந்தது. அதை ரத்து செய்யத்தான் இந்த மசோதா.

அந்தச் சட்டம் வந்தபோது பெர்னடின் என்கிற பெர்னி கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சங்கப் பிரதிநிதி. இதே கட்டடத்தின் படிக்கட்டில், கொட்டும் பனியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பாதிப் பேர் சந்தாவை நிறுத்தினார்கள். கை நசுங்கினால் மட்டும் சங்கத்தைத் தேடி ஓடி வந்தார்கள். அந்த வயிற்றெரிச்சலில்தான் அவள் தேர்தலில் நின்றாள். “இதை ஒழிச்சிட்டுத்தான்டி மறுவேலை” என்று தோழி க்வெனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். க்வென் இப்போது மேலே பார்வையாளர் மாடத்தில், சங்கத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே வாயைத் திறந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள்.

பெர்னியின் இடம் இரு கட்சி வரிசைகளும் சந்திக்கும் எல்லையில்; பக்கத்து இருக்கை எதிர்க்கட்சிக்காரர் டேல் ஹாஃப்ஸ்ட்ராவுடையது. கொள்கையில் இருவரும் கீரியும் பாம்பும். சாப்பாட்டு இடைவேளையில் யூக்கர் சீட்டாட்டத்துக்கு மட்டும் கூட்டு. நல்ல சீட்டு வந்தால் மனிதருக்குக் காது சிவந்துவிடும், மேசையே உஷாராகிவிடும். அவரோடு சேர்ந்து பெர்னி தோற்றதுதான் மிச்சம்.

“இன்னிக்கு அழப்போற பெர்னி. கைக்குட்டை இருக்கா?”

“உனக்குன்னு வாங்கி வச்சிருக்கேன் டேல். உன் மூக்குக்குத் தகுந்த மாதிரி பெருசா.”

மணி அடித்தது. பெர்னி ஓட்டுப் பொத்தானை அழுத்திவிட்டுச் சாய்ந்துகொண்டாள். மாடத்தில் க்வென் தொப்பியைக் கழற்றி ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். பெர்னிக்கு ஒரே பூரிப்பு. அவளும் கையை ஆட்டினாள்.

அப்போதுதான் ஹாஃப்ஸ்ட்ராவின் காது கண்ணில் பட்டது. செக்கச்செவேலென்று இருந்தது. தோற்கப்போகிறவருக்கு எதற்குக் காது சிவக்க வேண்டும்?

நிமிர்ந்து, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று காட்டும் பலகையைப் பார்த்தாள். அவள் பெயருக்கு எதிரே ‘வேண்டாம்’ என்கிற சிவப்பு விளக்கு.

அவள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்த வருஷமெல்லாம் வந்த மசோதாவுக்கெல்லாம் சிவப்பையே அழுத்திய விரல்! ஆட்சி மாறியது அதற்கு இன்னும் தெரியவில்லை. அவைத்தலைவர் பலகையை மூடச் சொல்ல வாயெடுத்தார். அவள் பச்சைப் பொத்தானின்மேல் விழாத குறையாக விழுந்தாள். விளக்கு மாறியது. சுத்தியல் இறங்கியது. மசோதா பிழைத்தது.

“பாத்துக்கிட்டுதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“உன் கட்சிக்கு நான் ஏன் சொல்லணும்? நான்தான் வாயே திறக்கலையே!” ஹாஃப்ஸ்ட்ரா முனகினார்.

“நீ திறக்கல. உன் காது சொல்லிடுச்சு.”

நடைக்கூடத்தில் க்வென் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “படுபாவி! மேல தொப்பியை ஆட்டி ஆட்டி எனக்கு உசுரே போகுது, நீ மகாராணி மாதிரி கையாட்டுற!” இருவரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. பனியில் நின்ற அந்த நாள் அன்றைக்குத்தான் பெர்னியின் நெஞ்சை விட்டு இறங்கியது.

அடுத்தது ஓய்வூதியத்தின்மேல் போட்டிருந்த வரியை ரத்து செய்ய அவள் கட்சி கொண்டுவந்த மசோதா. மணி அடித்ததும் பெர்னி வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் தடவித் தேடி அழுத்தினாள். பலகையைப் பார்க்கவில்லை. திரும்பி ஹாஃப்ஸ்ட்ராவின் காதைப் பார்த்தாள்.

வெளுத்திருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.