சங்கிலிக்கு முப்பத்திரண்டு வயது

கோத்தகிரி பஜாரில் நூருல்லா பாய் சாமான் நிறுக்கும்போது வந்தவனையும் சேர்த்து நிறுத்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை நான் ஒரு பீடிக்கட்டு கேட்டேன். அதை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏனுங்க கணக்கப்பிள்ளை, சங்கிலி நல்லா இருந்தப்ப நீங்க எங்கீங்க போயிருந்தீங்க?" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1933-ல், குன்னூரில் துரைமார் கிளப் நடத்திய விளையாட்டு விழாவில், குத்துச்சண்டையில் சங்கிலியை மூன்றாவது சுற்றில் விழவைத்தவன் இந்த சில்வஸ்டர், அதாவது நான்தான். அதற்கு முன் ஏழு வருஷம் அவரை யாரும் சாய்த்ததில்லை. அதற்குப் பிறகு அவர் கையுறை மாட்டவில்லை. அவர் தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். நான் வெல்லிங்டன் பட்டாளத்துச் சமையல்காரரின் மகன், சோல்ஜர்களிடம் குத்துப் பழகியவன். என் குத்தைப் பார்த்துத்தான் டக்ளஸ் துரை கூப்பிட்டு, சங்கிலி வேலை பார்த்த தன் எஸ்டேட்டிலேயே கணக்கப்பிள்ளை வேலை கொடுத்தார். வேலை, ஓட்டு வீடு, ஊரில் ஒரு பெயர், எல்லாம் அந்த ஒரு நாளில் வந்தவை. அன்றைக்கு நான் சாய்த்தது ஏற்கெனவே ஓய்ந்துபோன ஒரு மனுஷனை என்றால், நான் யார்? இந்தக் கேள்வி மூன்று வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

வயதைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். நானும் பார்த்தேன். ஆட்களின் பெயர் எழுதும் செக்ரோல் புத்தகத்தில் சங்கிலிக்கு முப்பத்திரண்டு. அதற்கு முந்தைய வருஷத்துப் புத்தகத்திலும் முப்பத்திரண்டு. அலமாரியில் கரையான் தின்றதுபோக மிஞ்சிய எல்லாவற்றிலும் முப்பத்திரண்டுதான். புதுப் புத்தகம் போடும்போது பழையதைப் பார்த்துப் பெயரையும் வயதையும் அப்படியே இறக்கிவிடுவது வழக்கம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் எஸ்டேட்டில் ஆட்கள் சாவார்கள், வயதாகமாட்டார்கள்.

அந்த வாரம் துரை இன்னொன்றும் சொல்லியிருந்தார். கவாத்து தொடங்கும் முன் கிழடு தட்டியவர்கள், கண் மங்கியவர்கள் பெயரை அடித்துவிட்டு, அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டைக் காலி செய்து மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிட வேண்டும். திங்கட்கிழமை காலை பட்டியல் வேண்டும். என் மண்டை முழுக்க நூருல்லா பாய் உட்கார்ந்திருந்ததால் இந்தப் பட்டியலையும் சங்கிலியையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. லைன் வீடுகளில் அன்று வேறு பேச்சே இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நேராகச் சங்கிலி வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவர் மனைவி இசக்கியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. முக்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டாள். சங்கிலி எழுந்து நின்றார். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. குன்னூர்ல அன்னிக்கு உங்களுக்கு முழு பலம் இருந்துதா?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இருந்துதுங்க. இன்னிக்கும் அப்படியேதானுங்க இருக்குது."

"ஊசியில நூல்கூட அவருதாங்க கோத்துக் குடுக்கறாரு" என்றாள் இசக்கியம்மா. கண்ணைப் பற்றி நான் விசாரிக்கவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. அந்த அற்பச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமோ என்று நினைத்தேன். அப்போது இசக்கியம்மா பின்னாலிருந்து அவருடைய இடது முழங்கையை மெல்லத் தொட்டாள். உடனே அவர் கை நீண்டு, காற்றில் கொஞ்சம் துழாவி, கட்டைப் பிடித்தது.

நான் நீட்டியது வலது கை. எதிரில் நிற்பவருக்கு அது இடப்பக்கம். அன்று மூன்று சுற்றிலும் அதே வலது கைதான் தடையில்லாமல் போய்ப்போய் விழுந்தது. என் கைவேகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

லைன் கடைசி வரை இசக்கியம்மா என் பின்னாலேயே வந்தாள்.

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டேன்.

"கவாத்து வெட்டறப்ப சிம்பு தெறிச்சு இடது கண்ணு போச்சுங்க. உங்ககூட ஆடறதுக்கு முந்தின வருசமுங்க."

"அப்பறம் எதுக்கு ஆட வந்தாரு?"

"ஆட வரலீன்னு சொன்னா ஏன்னு துரை கேப்பாருல்லீங்க." சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எழுதிப் போட்டுறாதீங்க சாமி."

திங்கட்கிழமை விடிந்ததும் ஆட்கள் களத்தில் வரிசையாக நின்றார்கள். துரை பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு பிரம்பை நீட்டி, சங்கிலி பெயர் ஏன் இல்லை என்று கேட்டார். நீ அடித்தபோதே அவன் கிழவன், கிளப்பில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், என்று துரைத் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

"இல்லீங்க துரை" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். "நான் அடிச்சப்ப அவருக்கு முழு பலமுங்க. அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் சாய்ச்சேன். இன்னிக்கும் அவரு அப்படியேதாங்க."

மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினேனோ அதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். வாய் கசந்தது. வரிசையில் யாரோ, "பெருமையப் பாரு" என்று முணுமுணுத்தார்கள். துரை என் தோளில் தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். சங்கிலி நேரே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அன்றைக்கே புதுப் புத்தகத்தில் சங்கிலி, வயது முப்பத்திரண்டு என்று எழுதினேன். முதல் தடவையாகப் பழையதைப் பார்க்காமல் எழுதினேன்.

மத்தியானம் மலைச்சரிவில் கவாத்து நடந்த இடத்துக்குப் போனேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. சங்கிலியின் இடப்பக்கம், இரண்டடி தள்ளி நின்றேன். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய இடது கை முதலில் செடியின் தண்டைத் தடவிப் பார்த்தது. கட்டை விரலால் ஓர் இடத்தை அழுத்திக் குறித்துக்கொண்டது. அந்த விரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கத்தியை இறக்கினார். பிறகு அடுத்த செடியைத் தேடிக் கையை நீட்டினார்.