கதவைத் திறந்துவிடும் மெஷின்

ஜீவராஜ் வெளிநாட்டிலிருந்து வந்ததிலிருந்து தன் மகளை இன்னும் தொடவில்லை. தொட விடவில்லை என்பதுதான் சரி. அவன் புறப்படும்போது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறது. அவனோ தேயிலைத் தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்.

எல்லாம் வினோதாவின் உத்தரவு. புருஷன் துப்புரவு வேலை செய்தது அணுமின் நிலையத்தில் என்பது அவன் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். போனில் ‘கம்பெனி’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான் மகராசன். அணு என்றதும் அவளுக்கு அப்பா வீரய்யாவின் ஞாபகம் வந்தது. அவர் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர். மருந்தடிக்கிற வீட்டில் ஒரு பழக்கம் உண்டு: மலையிலிருந்து இறங்கிய ஆள் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் குளிக்காமல் பிள்ளையைத் தொடக்கூடாது, உடுப்பைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். அதை அப்படியே புருஷன் தலையில் கட்டினாள். ஹட்டன் குளிரில் காலையும் மாலையும் அவன் பீலிக்கடியில் நடுங்கினான். அவன் பெட்டி தாழ்வாரத்திலேயே கிடந்தது. அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மருந்துக்காவது நாற்றம் உண்டு, கழுவினால் போனது தெரியும். கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத ஒன்று போய்விட்டதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

அன்று காலை அவள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போது அவன் மறுபடியும் கெஞ்சினான்.

“கதிருங்கிறது வெளிச்சம் மாதிரி. வெளக்கு வெளிச்சம் பட்டா ஒடம்புல ஒட்டிக்குமா? தூசு பட்டாத்தான் ஒட்டும். அதப் பாக்கத்தான் அங்க வெளிய வர்ற வாசல்ல மெஷின் நிக்குது. கையையும் காலையும் வச்சு, சுத்தம்னு அது சொன்னாத்தான் கதவு தொறக்கும். நெஞ்சுலயும் ஒரு சின்னப் பெட்டி மாட்டி வுடுவாங்க. எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அது காட்டிரும்.”

“அவ்வளவு காவல் போடுறாங்கன்னா எவ்வளவு பெரிய வெசமா இருக்கணும்! சும்மாவா கதவப் பூட்டி வைக்கிறாங்க?”

“நான் அத அப்படி நெனச்சுப் பாத்ததே இல்ல,” என்றான் ஜீவராஜ். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் குழம்பியது. கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

மாலையில் அவள் இறங்கி வந்தபோது, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனம்மா பிள்ளையை வாசலில் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை அப்பனை நோக்கி அடியெடுத்து வைத்தது, தடுக்கி விழுந்தது, வீறிட்டது. ஜீவராஜ் பாதி எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். பார்த்த வினோதாவுக்கே பாவமாக இருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்து குனிந்தாள்.

“வினோதா, ஒம்மேல மருந்து வாசம் அடிக்குதே?” என்றான் ஜீவராஜ்.

“பக்கத்து மலையில அடிச்சாங்க. காத்து எங்க பக்கம் திரும்பிருச்சு. எப்பவும் நடக்குறதுதானே?”

“வரும்போது யாரும் பாக்கலையா?” குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. மெஷின் பழக்கத்தில் நிஜமாகவே கேட்டான்.

“என்னைய யாரு பாக்குறா? கொழுந்தத்தான் நிறுத்துப் பாக்குறாங்க.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மருந்தடிக்கிறவன் குளிக்க வேண்டும் என்றுதான் பழக்கம். கொழுந்து பறிக்கிறவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இத்தனை நாளும் இதே கையால்தான் பிள்ளையைத் தூக்கினாள், பால் கொடுத்தாள். காவல் இருக்கிற இடம் ஆபத்தா, இல்லாத இடம் ஆபத்தா? ஒன்றும் விளங்கவில்லை. முதல் தடவையாகத் தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்து அழுதது.

“தூக்குங்க,” என்றாள்.

“நானா?”

“ஒங்களத்தானே சுத்தம்னு சொல்லிக் கதவத் தொறந்து வுட்டாங்க. தூக்குங்க.”

அவன் தூக்கினான். வினோதா படங்கை அவிழ்த்து, தாழ்வாரத்தில் அவன் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் பீலிக்கு நடந்தாள்.