நாத்தனார் முடிச்சு

வாழைக்கன்றை யார் பிடித்துக்கொள்வது என்று வாசலில் சின்னத் தகராறு நடந்தது. அடுத்த தெரு மௌரீன் எதற்கென்று விசாரிக்காமல், ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நல்ல கன்றாகப் பார்த்து வெட்டிக் கொடுத்திருந்தாள். கடைசியில் கோவிந்தப்பா சித்தப்பாவே அதை வாங்கி வந்து, ஹாலில் தயாளனின் உடலைக் கிடத்தியிருந்த மடக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, ஒரு மஞ்சள் புடவையைச் சுற்றிவிட்டார். தயாளனுக்கு ஐம்பது வயது. விடியற்காலை மாரடைப்பு. கல்யாணம் ஆகாமல் செத்தவனை அப்படியே எரித்தால் ஆசை தீராமல் அலைவான் என்பது அவர்கள் வழக்கம். அதனால் புறப்படும் முன் அவன் கையால் வாழைக்கு ஒரு தாலி கட்ட வேண்டும்.

அந்தத் தாலிக்கு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள் காந்தா, தயாளனின் அக்கா. பிணத்தின் கை கயிற்றைத் தொட்டால் போதும், முடிச்சுப் போடவேண்டியது நாத்தனார்தான். தம்பி கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போடவேண்டும் என்று பாதி ஆயுள் காத்திருந்தவள் அவள். இப்படி ஒரு மணப்பெண் வந்து வாய்ப்பாள் என்று எண்ணியதில்லை.

அவள் புருஷன் இரண்டு பிள்ளைகளோடு அவளை விட்டுவிட்டு ஓடிய நாளிலிருந்து தயாளன்தான் அரிசி வாங்கிப்போட்டான், பிள்ளைகளைப் படிக்கவைத்தான். பெண் பார்க்கலாம் என்று அவள் பேச்செடுக்கும்போதெல்லாம், உன்னை விட்டுட்டு எனக்கு இன்னாக்கா கல்யாணம் என்று சிரிப்பான். அதைக் காந்தா குழாயடியிலும் ரேஷன் கடையிலும் சொல்லாத ஆள் இல்லை. எனக்காக என் தம்பி கட்டாமல் நின்றுவிட்டான் என்று சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரும், உள்ளே கொஞ்சம் கர்வமும் இருக்கும். புருஷன் விட்டுப்போனவளுக்கு ஜீவனஹள்ளித் தெருக்களில் தலை நிமிர்ந்து நடக்க வேறு என்னதான் இருந்தது?

காலையிலிருந்து சாமியானாக்காரனைக் கூப்பிட்டதும், நாற்காலி இறக்கியதும், எஸ்.டி.டி. பூத்தில் நின்று ஊருக்கெல்லாம் போன் போட்டதும் ஓஸ்வால்ட். தயாளனோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தவன், இதே வீட்டில் அவனோடு பல வருஷமாகக் குடியிருப்பவன். கூட்டாளி என்றால் வேலை வாங்கலாம், உட்காரவைத்துத் துக்கம் கேட்கவேண்டியதில்லை. தெருவுக்கு இருவர் மேலும் ஒரு சந்தேகம் உண்டு. அவர்கள் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கையும் பொங்கல் கரும்பையும் வாங்கித் தின்றுகொண்டே தெரு சந்தேகப்பட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காந்தாவுக்கு மட்டும் சந்தேகம் வந்ததில்லை. வரவிட்டதில்லை என்பதே சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தயாளனே கறி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவான். இங்கே அவள் வந்தாலும் ஹாலோடு திரும்பிவிடுவாள்.

ஓஸ்வால்ட் அடுப்படி வாசலில் வந்து நின்றான். போன தீபாவளிக்கு அவள் தயாளனுக்கு எடுத்துக்கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான். பதற்றத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பான் போல.

"அக்கா, அந்த வாழை வேணாங்க்கா."

கிறிஸ்துவனுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்து, அவள் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். தம்பி ஒண்டிக்கட்டையாகப் போகக்கூடாது, போகிற இடத்தில் அவனுக்கு ஒரு துணை வேண்டும் என்றாள்.

"அவன் ஒண்டியா இருந்தான்னு யாருக்கா சொன்னது?"

சத்தம் எழும்பாமல்தான் கேட்டான். காந்தா அவன் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, புரியவேண்டாம் என்றும் இருந்தது. அவள் வாயில் வந்தது வேறு கேள்வி.

"எனக்காகத்தானே அவன் கல்யாணம் வேணாம்னான்?"

"ஆமாக்கா. உங்களுக்காகத்தான்."

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அழுகிற குழந்தை கையில் மிட்டாயைத் திணிப்பதுபோல் சட்டென்று கொடுத்துவிட்டான். கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

காந்தாவுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. அவளால் தம்பியின் வாழ்க்கை பாழாகவில்லை என்றால் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை, பெட்டியில் பூட்டிவைத்திருந்த ஒரே நகை கவரிங் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மகள் வீணாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது, மகன் வேலைக்குப் போகிறான். அதற்குப் பிறகும் தயாளன் யாருக்காகத் தனியாக இருந்தான் என்று அவள் கேட்டதே இல்லை. தூ, அசிங்கம் என்று நினைத்துப் பார்த்தாள். தம்பி முகத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. சந்தோஷமாக இருந்திருப்பானோ? இருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

ஹாலிலிருந்து நேரமாகிறது என்று குரல் வந்தது. அவள் கயிற்றோடு போனாள். சித்தப்பா தயாளனின் விறைத்த கையைத் தூக்கிக் கயிற்றில் தொடவைத்தார். காந்தா அதை வாழைத்தண்டைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு முனையும் அவள் கையில் இருந்தன. முடிச்சு விழவில்லை.

"வேணாம் சித்தப்பா. அவன் ஒண்டியா இல்ல."

"இன்னாம்மா சொல்ற?"

"அவனுக்கு ஒரு துணை இருந்தது. எனக்குத் தெரியும்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம், ஆச்சரியம், எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. உறவில் மூத்தவளான முத்தம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, எங்கயோ ஒருத்திய வெச்சிருந்தானா. ஆம்பளதானே, வுடு."

மூச்சு விடுவதற்குள் அந்த ஒருத்திக்கு ஊரும் உத்தியோகமும் கிடைத்துவிட்டன. மல்லேஸ்வரத்தில் இருக்கிறாளாம், கன்னடக்காரியாம், நர்சாம். ஒரு பெண் குழந்தைகூட இருக்கலாம் என்றார் ஒருவர். வைத்திருந்தாலும் கட்டின மாதிரிதான் என்று சித்தப்பாவே தீர்ப்புச் சொல்லி வாழையை வெளியே எடுத்துப்போகச் சொன்னார். இத்தனை நாள் தெருவுக்கிருந்த சந்தேகம்கூட அந்த நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. காந்தா யாரையும் திருத்தவில்லை. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் தலை நிமிரவில்லை. பாடை தூக்க ஒரு தோள் குறைந்தபோது சித்தப்பா அவனைத்தான் கூப்பிட்டார், அவன் உயரம் சரியாக இருக்கும் என்று.

ஆண்கள் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெண்கள் ஹாலைக் கழுவிவிட்டிருந்தார்கள். முத்தம்மா காமாட்சி விளக்கை ஏற்றி, உயிர் போன இடத்தில் வைக்கவேண்டும் என்று காந்தாவிடம் நீட்டினாள்.

"இங்கதானே கட்டில் கெடந்துது. வெச்சுடு."

காந்தா ஓஸ்வால்டைப் பார்த்தாள். ஈரத் தலையோடு வாசலோரம் நின்றிருந்தான். காலையில் அவள் வருவதற்குள் உடல் ஹாலுக்கு வந்துவிட்டிருந்தது, யார் தூக்கிவந்தது என்று அவள் அப்போது கேட்கவில்லை. அவள் விளக்கை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். ஓஸ்வால்ட் பின்னாலேயே வந்தான்.

உள்ளே ஒரே கட்டில்தான் இருந்தது. போர்வை கலைந்தது கலைந்தபடி கிடந்தது. இரண்டு தலையணை.

"அவன் எந்தப் பக்கம் படுப்பான்?"

ஓஸ்வால்ட் வலது பக்கத் தலையணையைக் காட்டினான். காந்தா அந்தப் பக்கம் குனிந்து தரையில் விளக்கை வைத்தாள். நிமிர்ந்தவள் அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"காரியம் முடியற வரைக்கும் அணையக்கூடாது. எண்ணெய் கொறஞ்சா ஊத்து. வூட்டு ஆளுதான் பாத்துக்கணும்."

ஹாலில் முத்தம்மா அந்த மல்லேஸ்வரத்துக்காரிக்கு யார் ஆள் அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே போனாள். சுடர் ஆடுவதைப் பார்த்து ஓஸ்வால்ட் எட்டி ஃபேனை நிறுத்தினான்.