துறைமுகத்தில் மூன்றாவது ஆள்

விண்வெளிப் போட்டியின் பத்திரிகைப் படங்களைப் பண்டார் ஹிலிர் மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்றதும் மலாக்காவே அங்கே திரண்டது. நாய் போன படம், குரங்கு போன படம், கடைசியில் மனிதன் போன படம். ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் நீயா நானா என்று வானத்தில் ஏறியதில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. என் மகன் தியாகு கடலோடு போனவன்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அவன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை என் மனைவி கமலவேணி நம்பவில்லை. மூன்று வருஷமாகக் கருமாதி செய்ய விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் ஒரு தடவை பேச்செடுத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் எனக்குச் சோறு போட்டாளே தவிர, முகம் கொடுக்கவில்லை.

காஜா பெராங் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் எனக்கு டச்சிங் வேலை. மங்கிய படத்தில் தூரிகையால் கண் வைப்பேன், மீசை வைப்பேன். கண்காட்சி பார்க்கப் போயிருந்த கமலவேணி அன்று அங்கே மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"என்னாங்க, தியாகு உசிரோட இருக்கான்! அங்க படத்துல நிக்கிறான்!"

கூடவே போனேன். படத்தில், ராக்கெட்டைக் கண்காணிக்கிற கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. முன்னால் மூட்டை சுமக்கிறவர்கள். மூன்றாவது ஆளைக் காட்டினாள். அதே ஏறுநெற்றி, அதே மீசை. கீழே ஒட்டிய சீட்டில் 1965 என்றிருந்தது. கப்பல் மூழ்கி இரண்டு வருஷத்துக்குப் பிறகு எடுத்த படம்.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அச்சில் தெளிவாக விழட்டும் என்று பத்திரிகை ஆபீசில் எவனோ சாயத்தில் போட்ட முகம். சொல்லியிருக்க வேண்டும். பாவி, நானும் ஒரு நிமிஷம் அதை என் பிள்ளையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கன்னத்துல அழுக்கு பாருங்க" என்றாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். பள்ளிக்கூடம் அனுப்பும்போது அப்படித்தான் துடைப்பாள். நான் கையைப் பிடிப்பதற்குள் முகம் முந்தானைக்கு வந்துவிட்டது. படத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்தான் மிஞ்சியது.

கண்காட்சியைப் பார்த்துக்கொண்ட சேதுபதி பதறி ஓடிவந்தார். "என்னம்மா செஞ்சீங்க? இரவல் வாங்குன படம்மா! நான் யாருக்குப் பதில் சொல்றது?"

நானே சரிசெய்து தருகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஸ்டுடியோவிலிருந்து சாயமும் தூரிகையும் எடுத்துவந்து மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்தேன். கமலவேணி அழவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"நீங்களே நம்ம தியாகுவ வரைஞ்சிருங்க. அப்பா கை மறந்தா போவும்?"

நெற்றி வந்தது. மீசை வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. யார் யாருடைய கண்ணோ நினைவுக்கு வந்தது. கல்யாண மாப்பிள்ளைகள், அடையாளக் கார்டுக்கு உட்கார்ந்தவர்கள், செத்துப்போன செட்டியார். ஊருக்கெல்லாம் கண் வைத்த எனக்குப் பெற்ற பிள்ளையின் கண் நினைவில் இல்லை. எப்படியோ இரண்டு கண்ணை வைத்து முடித்தேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

தூரிகையைத் துணியில் துடைத்தேன். படத்தை மேசைமேல் வைத்தாள்.

"கருமாதிக்கு நாள் பாருங்க" என்றாள்.