வலது பாக்கி

"கன்னம் ரொம்ப உள்ள போயிருச்சு தம்பி. கொஞ்சம் எடுத்துக் குடுத்தாத்தான் முகம் முகமா இருக்கும்" என்றபடி அலங்காரக்காரர் டப்பாவிலிருந்து தோல் நிறத்துப் பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து எடுத்தார்.

அவன் அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, யாராவது பிடித்தால்தான் வேலை நடக்கும் என்று அவர் சொன்னதும், அறையில் நின்ற உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது. கதவுக்கு வெளியே பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டது. பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத ஒரு சித்தப்பா, காரை எங்கே நிறுத்தினால் வெயில் படாது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அலங்காரக்காரர் பசையைக் கன்னத்தின் நடுவில் அப்பி, தகட்டைச் சாய்த்து ஓரத்தை நோக்கி இழுத்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிணத்தைத் தொட்டதால் இல்லை. ஆறு வாரமாக அந்த உடம்பை அவன்தான் தொட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தகட்டையும் அந்த இழுப்பையும்தான் பார்க்க முடியவில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்த இழுப்பு. ஆனால் இந்த ஆளுக்குக் கை வரவில்லை. ஓரம் திட்டாக நின்றது. அப்பா மட்டும் எழுந்து பார்த்திருந்தால் தகட்டைப் பிடுங்கி அவரை வெளியே அனுப்பியிருப்பார்.

அப்பாவைப் பட்டறையில் 'பட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடிபட்டு நொறுங்கிய கார்களை விற்பனைக்குத் தயார் செய்யும் பட்டறை. தகரத்தில் விழுந்த பள்ளத்தையும் ஓட்டையையும் பட்டி என்கிற பசையால் அடைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து நிறுத்திவிடுவார். உள்ளே இருப்பது இரும்பா பொக்கையா என்று அந்தக் காரைச் செய்தவனுக்கே தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் இதைத்தான் செய்தார். யாராவது வேலையில் குறை சொன்னால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "வெளிய தெரியாதுடா."

இந்த வார்த்தைதான் அவனுக்கு அப்பாவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், இந்த வார்த்தையும் ஒரு ஜீப்பும்.

பதினேழு வயதில் அவன் ஒரு கல் குவாரியிலிருந்து அந்த ஜீப்பை வாங்கினான். வாங்கினான் என்பதைவிட அள்ளிக்கொண்டு வந்தான் என்று சொல்லலாம். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. குவாரியில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வருஷம் அவனுக்குப் படிப்பும் ஓடவில்லை, தூக்கமும் ஓடவில்லை. இன்ஜின் ஓடியது. முதல் தடவை அது இருமி, புகை கக்கி உயிர் பிடித்தபோது அவன் தனியாக ஷெட்டில் உட்கார்ந்து அழுதான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

மிச்சம் இருந்தது சேஸ். வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களும் நடுவில் துருவேறி உளுத்துப்போயிருந்தன. இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்கு வெல்டரிடம் நாள் கேட்டு வைத்திருந்தான். அதற்குள் பரீட்சை வந்தது. போகமாட்டேன் என்றவனை அப்பா விரட்டி, மூன்று நாளைக்கு வெளியூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது ஜீப் கரும்பச்சையில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு நின்றது. பக்கத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாள் தூங்காத கண். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவன் கீழே படுத்து, வலது சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஓங்கிக் குத்தினான். பிடிவரைக்கும் உள்ளே போயிற்று. பட்டி.

"ஊர ஏமாத்துறது பத்தாதுன்னு என்னையுமா?" என்றான்.

"வெளிய தெரியாதுடா" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அந்த ஓட்டையும் அடைக்கப்பட்டு, பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்த வண்டியைத் தொடவில்லை. படிப்பையும் தொடவில்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்து, தனியாக அறை எடுத்துப் போய்விட்டான். பதினாலு வருஷம். ஜீப் ஷெட்டிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா அதைத் துடைப்பார் என்று அம்மா போனில் சொல்வாள். அவன் பேச்சை மாற்றுவான். போன வருஷம் ஒரு தடவை, அப்பாவுக்குக் கண் இரண்டும் வீங்கிச் சிவந்து ஒரு வாரமாகத் திறக்கவே முடியவில்லை என்றாள். குடித்திருப்பார் என்றான் அவன். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஈரல் போனதும் அதனால்தான்.

இந்த ஆறு வாரமும் அவன் வந்தது அம்மாவுக்காக. காலையில் கிடங்கிலிருந்து நேராக வருவான், அம்மா படுப்பாள். அப்பாவுக்கு முதுகிலும் இடுப்பிலும் தோல் பிய்ந்துவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். அம்மா கட்டில் தலைமாட்டில் ஒரு தாளை ஒட்டி 'இடது', 'வலது' என்று கோடு போட்டு வைத்திருந்தாள். திருப்பியதும் ஒரு டிக். அந்த அறையின் நாற்றம் அவன் சட்டையிலும், செருப்பிலும், சாப்பாட்டிலும் ஏறியிருந்தது. ஒவ்வொரு தடவை திருப்பிய பிறகும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவான். கழுவும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கமாட்டான்.

நேற்றுக் காலை அப்பா கண்ணைத் திறந்து, பல நாளாக இல்லாத தெளிவோடு, "இடது முடிஞ்சுது. வலது பாக்கி" என்றார்.

அவன் தாளைப் பார்த்தான். கடைசி டிக் இடதில்தான் இருந்தது. "சரி, திருப்புறேன்" என்று வலது பக்கமாகப் புரட்டினான். அப்பா அவன் கையைத் தள்ளினார்.

"அது இல்லடா."

மேற்கொண்டு சொல்ல வாயைத் திறந்தார். மஞ்சளாக ஏதோ வழிந்து அவன் முழங்கையெல்லாம் ஆயிற்று. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கையைக் கழுவினான். இரண்டு தடவை சோப்புப் போட்டான். மூன்றாவது தடவையும் போட்டான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"போதும் தம்பி, தலைய விடலாம்" என்றார் அலங்காரக்காரர். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. படுத்திருந்தவர் யாரோ பணக்கார வீட்டு மாமனார் போல இருந்தார்.

வெளியே மாமா காத்திருந்தார். அம்மாவின் தம்பி. வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அதற்கு ஒரு புரோக்கர் வேண்டும் என்பது போல நடுவில் வந்து நிற்பவர். அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், ஜீப்பைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார். ஷெட்டைக் காலி செய்து வாடகைக்கு விட வேண்டும், அம்மா தனியாள், அவளிடம் போன வாரமே சொல்லிவிட்டேன், தலையாட்டிவிட்டாள் என்று அடுக்கினார்.

"இன்னைக்கா மாமா?"

"போன வாரம் சொன்ன நாள். இவரு நேத்துப் போவாருன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? மாப்ள, ஒண்ணே ஒண்ணுதான். நீ அங்க வா, தலையாட்டு. வாயத் தொறக்காத."

ஷெட்டில் நின்றது ஒரு பெண். பதினெட்டுக்கு மேல் இருக்காது. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை என்று மாமா வழியிலேயே சொல்லியிருந்தார். முழங்கையில் அடுப்பில் சுட்ட தழும்புகள். அவனைக் கண்டதும் ஹெல்மெட்டைக் கையிலிருந்து கீழே வைத்தாள்.

"சாரிண்ணா. சாவு வீடுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். நான் போயிட்டு இன்னொரு நாள்..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பாரு பாரு" என்றார் மாமா. "பெயிண்டப் பாரு. உன் மூஞ்சி தெரியும்."

அவள் பெயிண்டைப் பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்தாள். குவாரிக்கு மேலே மலைத் தடம் ஒன்று போகிறதாம். அதில் உச்சிப் பாறைவரை வண்டியை ஏற்ற வேண்டுமாம். இரண்டு வருஷமாக அதே நினைப்பு, வீட்டில் எல்லோரும் கிறுக்கு என்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டுப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய கறுப்பு வட்டம்.

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது எதுக்கு?"

"சும்மா அங்கிள். பட்டி இருந்தா ஒட்டாது."

தரையில் மல்லாந்து படுத்து இடது பக்கமாக உள்ளே நுழைந்தாள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். இப்போது காந்தம் நழுவி அவள் முகத்தில் விழும் என்று காத்திருந்தான். விழட்டும். செத்த பிறகாவது அந்த ஆள் ஒரு தடவை மாட்டிக்கொள்ளட்டும். தான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

டக் என்று ஒட்டியது.

அவள் அதைப் பிய்த்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். டக். இன்னொரு சாண். டக். கதவோரத்திலிருந்து பின்சக்கரம்வரை அந்தச் சத்தம் ஒரே மாதிரி கேட்டது.

"பாத்தியா? சுத்த இரும்பு" என்றார் மாமா. அவர் குரலில் இருந்த ஆச்சரியம் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். உடனே இருமிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் அப்படித்தான். எந்திரிம்மா, துணியெல்லாம் அழுக்காகுது."

அந்தப் பெண் எழுந்து சட்டையைத் தட்டினாள். முகம் மலர்ந்திருந்தது. மாமா அவன் தோளில் கை வைத்து அழுத்தினார். அப்படியே விட்டிருந்தால் வண்டி அன்றைக்கே போயிருக்கும்.

அவன் மாமாவின் கையை எடுத்துவிட்டு, "காந்தத்தக் குடு" என்றான்.

நல்ல சட்டையோடு வலது பக்கம் கீழே படுத்தான். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வண்டிக்கு அடியில். காந்தத்தை வைத்தான். அது சறுக்கி அவன் நெஞ்சில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

"வலது பக்கம் முழுக்கப் பட்டிதான்" என்று அடியிலிருந்தே சொன்னான். "மலையில ஏத்துனா ரெண்டா ஒடையும். நீயும் அதோட போவ."

"டேய்" என்றார் மாமா. அந்த ஒரு சொல்லில் அவனுடைய பிறப்பு வளர்ப்பு எல்லாம் அடங்கியிருந்தது. பிறகு அவர் வெளியே போய்ச் சத்தமாகப் போன் பேச ஆரம்பித்தார்.

அவன் உருண்டு இடது சட்டத்துக்குக் கீழே வந்தான். ஷெட் அலமாரியில் அந்தப் பழைய ஸ்க்ரூ டிரைவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண்ணை எடுத்துத் தரச் சொல்லிச் சுரண்டினான். பெயிண்ட் உரிந்தது, அதன் கீழே மெல்லிசாக ஒரு பூச்சுப் பட்டி உதிர்ந்தது, அதற்குக் கீழே இரும்பு. கனமான புதுத் தகடு. அதன் விளிம்பு நெடுக வெல்டிங். கோழி எச்சம் போட்ட மாதிரி திட்டுத் திட்டாக, கோணல் மாணலாக, சில இடத்தில் தகட்டைப் பொத்துக்கொண்டு, பொத்த இடத்தில் மேலே மேலே குவித்து. அவள் பக்கத்தில் வந்து படுத்து டார்ச் அடித்தாள்.

"ஐயோ" என்றாள். "யாருண்ணா பத்தவச்சது? இவ்வளவு கேவலமா நான் பாத்ததே இல்ல. ஆனா நிக்கும். இது எங்கயும் போகாது."

அவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினான். பலம் கொண்ட மட்டும் நெம்பினான். அசையவில்லை.

"வெல்டிங் கண்ணாடி போடாம செஞ்சிருக்கணும்" என்றாள். "பாருங்க, கோடே நேரா வரல. கண்ணு கூசிப் பாக்காமலே அடிச்சிருக்காரு. கண்ணு வீங்கிப் போயிருக்கும் அந்த ஆளுக்கு."

துருவும் பச்சைத் தூளும் அவன் கண்ணில் விழுந்தன. துடைத்துக்கொண்டான்.

"ஒரு பக்கம் செஞ்சவரு வலது பக்கத்த ஏன் விட்டுட்டாரு?"

ஷெட்டுக்கு வெளியே, பெட்டியை ஏற்ற வந்த வேன் பின்னால் வரும் பீப் பீப் கேட்டது. மாமா யாரையோ வழி விடச் சொல்லிக் கத்தினார். அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"ரெண்டு மாசம் கழிச்சு வா" என்றான் அந்தப் பெண்ணிடம். "வலது பாக்கி இருக்கு."

வீட்டுக்குள் அப்பாவைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டையின் முதுகைப் பார்த்தாள். எங்கே படுத்துப் புரண்டாய் என்று கேட்கவில்லை. மூடப்போகிறோம், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அலங்காரக்காரர்.

சூட்டில் இடது கன்னத்துப் பசை இறுகி, ஓரம் விரிந்து, தோலிலிருந்து நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். அலங்காரக்காரர் அவசரமாகத் தகட்டைத் தேடினார். அது அவருடைய சாமான் பைக்குள் எங்கோ போயிருந்தது.

அவன் குனிந்து கட்டைவிரலை எச்சிலில் நனைத்தான். கன்னத்தின் நடுவில் வைத்து, அழுத்தாமல், ஓரத்தை நோக்கி மெதுவாக இழுத்தான். ஒரே இழுப்பு. விளிம்பு படிந்து தோலோடு தோலாகிவிட்டது.

விரலில் இருந்த துரு கன்னத்தில் லேசாக ஒட்டியிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அதற்குள் மூடியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.