இருபத்து மூன்றாவது கடை

பட்டியலை ஒட்டிவிட்டுப் போன ஆள் பசை காயும்வரைகூட நிற்கவில்லை. நுழைவாயில் சுவரில் ஈரம் ஊறிக்கொண்டிருந்த தாளை ஜெராக்ஸ் அக்கா மூன்று முறை படித்தாள். கட்டடம் இடிக்கப்படுகிறது, அதே இடத்தில் ஏழு மாடி வருகிறது, கீழ்க்கண்ட கடைக்காரர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் உண்டு. கீழே இருபத்திரண்டு கடைகள் இருந்தன. முதல் முறை அவசரத்தில் விட்டிருப்போம் என்று நினைத்தாள். இரண்டாம் முறை விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் முறை கீழிருந்து மேலே படித்தாள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அவள் கடை அதில் இல்லை.

பத்தொன்பது வருஷமாக அவள் அங்கேதான் இருக்கிறாள். மாடிப்படியின் சரிவுதான் கடைக்குக் கூரை. முன்பக்கம் ஆள் உயரம் இருக்கும், உள்ளே போகப் போகத் தலை இடிக்கும், காகிதக் கட்டுகள் அடுக்கியிருக்கும் கடைசி மூலைக்குத் தவழ்ந்துதான் போக வேண்டும். மேலே ஏறுகிறவர்களின் காலடியை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். கட்டடத்தின் பழைய உரிமையாளர், "சும்மா கெடக்குற எடந்தானே, வச்சுக்க" என்று ஒரு வார்த்தையில் கொடுத்த இடம் அது. எழுத்தில் எதுவும் இல்லை. ஷட்டர் உண்டே தவிரக் கதவு கிடையாது. கதவு இல்லாததால் கதவு எண் இல்லை, எண் இல்லாததால் லைசென்ஸ் இல்லை. மின்சாரம்கூட எதிரிலிருந்த மெடிக்கல் கடை மீட்டரிலிருந்து வந்தது. ஊரில் பாதிப் பேருடைய பத்திரமும் சான்றிதழும் அவள் கை வழியாகப் போயிருக்கின்றன. அவளுக்கென்று ஒரு தாள் இல்லை.

"வேற எங்கயாவது பாத்துக்கலாம், விடு" என்றார் அவள் கணவர்.

"நான் எதுக்கு வேற எங்கயாவது பாக்கணும்? பத்து வருஷம் இருந்ததுக்கு எழுத்துல ஆதாரம் கேக்குறாங்க. நான் பத்தொன்பது வருஷம் இருந்திருக்கேன். தேடுனா கெடைக்கும்."

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கெடு இருந்தது. மறுநாளே நீளமான நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். எந்த இடத்தில் யார் இருந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று கட்டடத்தின் கதையையே எழுதிவிடுவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்து வாங்குவது என்பது திட்டம். எல்லோரும் ஆசையாகத்தான் சொன்னார்கள். முதலில் இது பஞ்சு மூட்டைக் கிடங்கு. அதனால்தான் ஜன்னல்கள் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன. பிறகு டைப்ரைட்டிங் பள்ளிக்கூடம் வந்தது. இரண்டாம் மாடியில் வக்கீல்கள் வந்தார்கள், ஒருவரோடொருவர் வழக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றித் தையல்காரர் சொல்லும்போது, "ஒன் மெஷினை நாலு பேராத் தூக்கிப் படியில வச்சோமே, என் இடுப்பு அன்னைக்குப் புடிச்சதுதான்" என்றார். எல்லோருடைய கதையிலும் அவள் இருந்தாள். நோட்டைத் திருப்பி நீட்டியதும்தான் ஒருவருக்கும் பேனா எழுதவில்லை.

காரணத்தைக் கடைக்காரர் சங்கத் தலைவரான மெடிக்கல்காரர் உடைத்துச் சொன்னார். தரைத்தளத்தில் கடைகளுக்கென்று ஒதுக்கியிருக்கும் இடம் இவ்வளவுதான். அதை இருபத்திரண்டாகப் பிரித்தாயிற்று. இன்னொருவர் வந்தால் எல்லோருடைய கடையும் கொஞ்சம் சுருங்கும்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. மத்தவங்க என்ன சொல்வாங்கன்னு பாக்குறேன்."

"மத்தவங்களும் அதையேதாண்ணே சொல்றாங்க. எல்லாரும் மத்தவங்களா இருந்தா, ஆளு யாருண்ணே?"

அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

ஐந்து நாட்கள் போயின. ஒரு மதியம், நகலெடுக்க வந்த தகராறு மனு ஒன்றைக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் மாடி மூக்குக்கண்ணாடிக் கடை அம்மா அவள்மேல் ஒரு புகார் கொடுத்திருந்தார். அவள் கடைப் பலகை தன் கடைப் பலகையை மறைக்கிறது என்று. நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, பலகையை இரண்டடி தள்ளி மாட்டச் சொல்லி எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துப் போனார். ஆத்திரத்தில் அவள் தன்னுடையதை அங்கேயே சுக்குநூறாகக் கிழித்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

நகராட்சி அலுவலகத்தில் கேட்டதற்கு அவ்வளவு பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பிரதி. அது யாரிடம் இருக்கிறது என்பதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு கசந்தது. ஒரு முழு நாள் கசந்தது. அடுத்த நாள் காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடி ஏறினாள்.

கண்ணாடிக்கார அம்மா கல்லாவிலிருந்து நிமிரவில்லை. "கண் டெஸ்ட்டா?"

"ஆமா" என்று வாயில் வந்துவிட்டது.

நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டினார் அந்த அம்மா. ஒரு கண்ணை மூடினார். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

"இப்ப?"

"மூணாவது வரி வரைக்கும் தெரியுது."

"இப்ப?"

"நாலாவது." பிறகு, எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்தபடியே சொன்னாள்: "லிஸ்ட்டுல என் கடை இல்ல. நான் இங்க இருந்ததுக்கு ஒங்க புகார் ஒண்ணுதான் சாட்சி. அந்தக் காகிதம் வேணும்."

இன்னொரு சில்லு சட்டத்தில் விழுந்தது.

"இப்ப?"

"எல்லாமே தெரியுது."

"படிக்கறதுக்குக் கண்ணாடி போடணும். ரொம்ப நாளாத் தள்ளிப்போட்டிருக்கீங்க." சீட்டில் எண்களை எழுதி நீட்டினார். காகிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் கேட்டுவிட்ட நிம்மதியோடும், கேட்டுவிட்டோமே என்ற எரிச்சலோடும் இறங்கி வந்தாள்.

கெடுவின் கடைசி நாள் காலையில் மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். கட்டுமான நிறுவனத்தின் இளம் இன்ஜினியர் ஒருவர் வரைபடத்தோடு வந்திருந்தார். அக்கா எழுந்து நோட்டை விரித்து, பஞ்சுக் கிடங்கிலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். நடுவில் யாரோ தொண்டையைச் செருமியபோதும் நிறுத்தவில்லை. படித்து முடித்ததும் இன்ஜினியர் சங்கடத்தோடு, "நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா அரசாங்க முத்திரை வச்ச ஏதாவது ஒண்ணு..." என்றார்.

பின்வரிசையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் கை மாறி முன்னால் வந்தது. கண்ணாடிக்கார அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"முத்திரை இருக்கு, தேதி இருக்கு, எங்க ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. பாத்துக்கங்க."

மெடிக்கல்காரர் திரும்பினார். "ஏம்மா, ஒங்களுக்கும் அவங்களுக்கும்தான் ஆகாதே?"

"இப்பவும் ஆகாது. அதுக்காக? அப்படி ஒரு கடையே இல்லேன்னு நீங்க சொன்னா, பன்னெண்டு வருஷமா நான் யாரோட பேசாம இருந்தேன்? என்னைப் பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

தையல்காரர்தான் முதலில் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே நோட்டை வாங்கி வெள்ளம் பற்றிய பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனா அடுத்தவரிடம் போனது. மெடிக்கல்காரர் மட்டும் தன்னிடம் வந்தபோது அதை மூடி, மூடியைத் திறந்து, மறுபடி மூடிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

இன்ஜினியர் தாளைப் படம் எடுத்துக்கொண்டார். "முடிவு எங்க கையில இல்ல மேடம். மேல அனுப்புறேன். எடத்தோட அளவு மட்டும் வேணும்."

"இப்பவே எடுங்க" என்று அவள் முன்னால் இறங்கினாள்.

ஷட்டர் ஓரத்தில் டேப்பின் நுனியை அவளே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இன்ஜினியர் மெஷின் வரைக்கும் இழுத்து, தலை இடித்த இடத்தில் நின்று எண்ணைக் குறிக்கப் போனார்.

"அங்க ஏன் நிக்கிறீங்க?"

"ஆள் நிக்கிற உயரம் வரைக்கும்தான் மேடம் வழக்கமா..."

"நான் பத்தொன்பது வருஷமாத் தவழ்ந்து போயிருக்கேன். நீங்க ஒரு தடவை போங்க."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முட்டி போட்டார். காகிதக் கட்டுகளுக்கு நடுவே தலை மறைந்தது, தோள் மறைந்தது, வெளியே தேய்ந்த இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. மேலே யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள். டேப் அவள் விரல்களுக்கிடையே விறைத்து அதிர்ந்தது.

"செவுரு வந்துருச்சு மேடம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்ல, அது காகிதக் கட்டு. தள்ளிட்டு உள்ள போங்க" என்றாள் அக்கா. "இன்னும் இருக்கு."