சல்லி தேறாது

ஓவர்சியர் வைத்தியலிங்கம் தஞ்சாவூர்க்காரர். நாய் குரைத்தால் எறிவதற்கு ஒரு கல் அகப்படாத மண்ணில் பிறந்தவரை, திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் சாலை போட அனுப்பியிருந்தார்கள். அது 1934-ஆம் வருஷம். சர்க்காருக்கும் கேலி தெரியும் போலிருக்கிறது. ஆனால் மனிதர் நெருப்பு. யார் வீட்டிலும் ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

வந்த இரண்டாம் நாள், சாலையோரப் பாறையைக் காட்டி, கல் உடைக்கும் பெண்களில் மூத்தவளான கந்தம்மாளிடம், "இதுல எவ்வளவு தேறும்?" என்று கேட்டார். அவள் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்தாள்.

"இதுல சல்லி தேறாதுங்க சாமி."

அவருக்குச் சல்லி என்றால் சல்லிக்காசுதான். உனக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்று பத்துப் பேர் முன்னால் ஒருத்தி சொல்கிறாள்! "என்னை லஞ்சம் வாங்குறவன்னு நினைச்சியா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே!" என்று சீறினார்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கந்தம்மாள் வீட்டு அடுப்பு எரிந்ததே இந்தக் கூலியில்தான். என்ன குற்றம் செய்தோம் என்று விளங்காமலே சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள்.

அதே பாறையை உடைத்துப் பரப்பினார்கள். நான்காம் நாள் மாடுகள் கல் உருளையை இழுத்தன. உருளை போன வழியெல்லாம் கல் மாவாகிக் கிடந்தது. ஓவர்சியர் முகத்தில் ஈயாடவில்லை.

கல் ஏற்றி வரும் வண்டிக்காரர் சென்னிமலை தலைத்துண்டை அவிழ்த்தபடி வந்தார். "அவ காசைச் சொல்லலீங்க. ஒடச்ச பொடிக்கல்லுத்தானுங்க எங்களுக்குச் சல்லி. பாறை உளுத்துக் கெடக்குது, கல்லு தேறாதுன்னு சொன்னாளுங்க."

வைத்தியலிங்கம் வெயிலோடு வெயிலாகக் கந்தம்மாள் வீட்டுக்கு நடந்தார். அவள் கிணற்றடியில் கத்தரி நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "அங்கயே நில்லுங்க சாமி, மிதிச்சா சல்லிவேர் அறுந்துருமுங்க" என்றாள்.

நின்றார். காசுக்கு, கல்லுக்கு, இப்போது வேருக்கு! பொடியாக இருந்தாலும் பெரியதைத் தாங்குவதற்கெல்லாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்களே என்று அசந்துபோனார். ஓவர்சியர் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர்தான் அவர். தட்டிய ஓசையிலேயே பாறையின் வயிற்றைப் படிக்கிறவளுக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

"தப்பு என்னுதும்மா. எல்லார் முன்னாலயும் சொல்றேன், வா."

சொன்னபடியே சொன்னார். கந்தம்மாள் போய் வேறொரு பாறையைத் தட்டினாள். கணீரென்றது.

"இது தேறுமுங்க" என்றாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "ஓவர்சியருகிட்டயும் சல்லி தேறும் புள்ளைகளா!" என்றாள்.

பெண்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை அவருக்குக் காசு ஞாபகம் வரவில்லை. பரீட்சையில் தேறிய அன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.